மதியத்தில் மட்டும் பேச்சு நின்றுபோன ஏசி

திருவான்மியூரில் ஒரு மூன்றாவது மாடி வீடு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஆறு வருஷ மெஷின். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அந்த வீட்டு அம்மா எனக்குப் போன் செய்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். ஏசி இருப்பது அவர் படுத்திருக்கும் அறையில்.

“தம்பி, உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்து பார்த்துட்டாங்க. ஒருத்தர் உள்ள இருக்கிற போர்டை மாத்தினார், ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் திரும்ப அதே ஈ6. இப்போ வெளியில இருக்கிற போர்டும் போயிடுச்சுன்னு சொல்றாங்க. அதை மாத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாருங்க.”

“எப்போம்மா நிக்குது? போட்ட உடனேயா, கொஞ்ச நேரம் ஓடினதுக்கு அப்புறமா?”

“மதியம்தான் தம்பி. பன்னெண்டுலேர்ந்து நாலு மணிக்குள்ள. போட்டு அரை மணி நேரத்துல நின்னுடும். ரிமோட்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். ராத்திரி பூரா ஒரு தொந்தரவும் இல்ல.”

முழுப் பழுதும் அந்தப் பதிலுக்குள்தான் இருந்தது. எனக்கும் அது உடனே பிடிபடவில்லை. பிடிபட ஒரு மதியம் முழுக்க ஆனது.

அந்த மாடலில் ஈ6 என்ற எரர் கோடு வந்தால், அறைக்குள் இருக்கும் இன்டோர் பெட்டியின் சர்க்யூட் போர்டும் வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியின் போர்டும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்று பொருள். இன்னொரு கம்பெனியில் இதற்கே யூ4 வரும், வேறொன்றில் சிஎச்05 வரும். அதே ஈ6 வேறு கம்பெனி மெஷினில் வேறு எதையாவது குறிக்கலாம். ஆகவே எரர் கோடு வந்ததும் அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தைத் திறக்க வேண்டும், மனப்பாடத்தை நம்பக்கூடாது. இன்னொன்று, இந்தக் கோடு எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. கேட்டவர் ஊமையாக இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் செத்துக் கிடக்கலாம், நடுவில் இருக்கும் கம்பி அறுந்திருக்கலாம். பதில் வராததை வைத்து உடனே போர்டை மாற்றுவது, போன் எடுக்காதவர் வீட்டுக்குப் புது போன் வாங்கிக் கொடுப்பது மாதிரி.

இரண்டு போர்டும் பேசும் விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், மீதி எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஸ்டெபிலைசரிலிருந்து கரண்ட் முதலில் இன்டோருக்கு வருகிறது. அங்கிருந்து நான்கு கோர் கேபிள் ஒன்று அவுட்டோருக்குப் போகிறது: பேஸ், நியூட்ரல், சிக்னல், எர்த். இரண்டு போர்டும் மாறி மாறிப் பேசும். ஒன்று பேசும்போது மற்றது கேட்கும். பேச்சு என்பது ஒரு சின்ன டிசி (ஒரே திசையில் ஓடும்) கரண்டை விட்டு விட்டு அனுப்புவது. அதற்கான வோல்டேஜ் சில மெஷின்களில் இன்டோர் போர்டிலிருந்தும் சிலவற்றில் அவுட்டோர் போர்டிலிருந்தும் வரும், 24 வோல்ட்டாகவோ 50-ஐத் தாண்டியோ இருக்கும். இரண்டு முனையிலும் ஆப்டோகப்ளர் என்ற குட்டிச் சில்லு உண்டு. அதற்குள் ஒரு எல்இடி எரிந்து அணைவதை எதிரே இருக்கும் பகுதி ஒளியாகவே படித்து உள்ளே சொல்லும். போர்டின் மூளைக்கும் மெயின் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் அதுதான்.

சரி, அந்தச் சின்ன கரண்ட் சிக்னல் ஒயரில் போகிறது. எதில் திரும்பி வருகிறது? நியூட்ரலில். கம்ப்ரஸர் இழுக்கும் ஆறேழு ஆம்பியரும் எந்த நியூட்ரலில் திரும்புகிறதோ, அதே நியூட்ரலில். பேச்சுக்கென்றே தனியாக இரண்டு ஒயர் வைத்த மெஷின்களும் உண்டு, அவற்றின் கதை வேறு. ஆனால் வீடுகளில் நாம் அதிகம் பார்க்கும் ஒற்றை ஸ்ப்ளிட்டில் சிக்னலின் ஒரு கால் எப்போதும் நியூட்ரலில்தான் ஊன்றியிருக்கும்.

எனக்கு முன்னால் வந்த மூவரில் ஒருவர் கேபிளைச் சந்தேகப்பட்டிருக்கிறார். பாராட்ட வேண்டிய விஷயம். பால்கனி ஜன்னல் வழியாகப் புதிதாக ஒரு ஒற்றை ஒயரை இழுத்து, சிக்னலை மட்டும் அதில் மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஈ6 நிற்கவில்லை. பழைய கேபிளின் நான்கு கோரையும், கம்பி அறுந்திருக்கிறதா என்று காட்டும் கன்டின்யூட்டி சோதனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். நான்கிலும் பீப் வந்தது. ‘கேபிள் நல்லா இருக்கு, போர்டுதான்’ என்ற முடிவு அங்கிருந்துதான் பிறந்தது. அந்த ஒற்றை ஒயர் நான் போனபோதும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் போனது காலை பதினொரு மணிக்கு. வேண்டுமென்றே அந்த நேரம். பழுது வராத நேரத்தில் போய் நின்றால் எல்லா அளவும் நன்றாகத்தான் இருக்கும்.

இடம் மாற்றிய மெஷினில் பேச்சு நின்றால் பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். சில மாடல்கள் அதைப் பொறுக்காது. இங்கே சரியாக இருந்தது. டெர்மினல் ஸ்குரூ எல்லாம் இறுக்கமாக இருந்தன. பிறகு நியூட்ரலுக்கும் சிக்னலுக்கும் நடுவில் மல்டிமீட்டரை டிசியில் வைத்தேன். பேச்சு நடந்தால் எண் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் துள்ளும். ஒரே எண்ணில் உறைந்து நின்றாலோ பூஜ்யம் காட்டினாலோ பேச்சு இல்லை. இங்கே அழகாகத் துள்ளியது. இந்த இடத்தில் கை வைக்கும் யாருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: சின்ன டிசிதானே என்று சிக்னல் ஒயரைத் தொடாதீர்கள். அது மெயின் லைனோடு கட்டுண்டது, பிரிக்கப்பட்டதல்ல. அவுட்டோர் போர்டைத் திறக்கும் முன் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிப் பத்து நிமிஷம் காத்திருந்து, பெரிய கெப்பாசிட்டரில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகே கையை உள்ளே விடுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் டிசி அதில் தங்கியிருக்கும்.

அவுட்டோர் போர்டு உயிரோடு இருந்தது. எல்இடி மினுக்கியது, கெப்பாசிட்டரில் நின்ற நிலையில் 318 வோல்ட். வீட்டு மெயின் கரண்டின் வோல்டேஜை 1.414-ஆல் பெருக்கினால் வரும் கணக்குதான் இது, ஆகவே அதை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வரை குறை இல்லை.

போட்ட உடனேயே பேச்சு இல்லை என்றால் நான் வேறு வழியில் போயிருப்பேன். அப்போது பெரும்பாலும் அவுட்டோர் போர்டுக்கு உயிரே வந்திருக்காது. ஃபியூஸ் போயிருக்கும், அல்லது போர்டு மேல் ஒரு பல்லி கருகிக் கிடக்கும். நம் ஊரில் பல்லி எத்தனை போர்டைக் கொன்றிருக்கிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். இன்னொரு வகையும் உண்டு. அவுட்டோர் ஃபேன் மோட்டாரோ, கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வின் காயில் சுருளோ உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, போர்டின் 15 அல்லது 12 வோல்ட் சப்ளையைக் கீழே இழுத்துவிடும். போர்டில் ஒரு குறையும் இருக்காது, ஆனால் பேச வலு இருக்காது. கரண்டை நிறுத்தி அந்தப் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு மறுபடி போட்டால், எதைக் கழற்றியபோது பேச்சு வருகிறதோ அதுதான் குற்றவாளி. பதினைந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் தூக்கி எறியப்பட்ட நல்ல போர்டுகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆனால் இந்த மெஷின் அரை மணி நேரம் பேசிவிட்டு நிற்கிறது, அதுவும் மதியத்தில் மட்டும். அவுட்டோர் மேற்குப் பார்த்த பால்கனியில் இருக்கிறது, கடல் காற்று வேறு. போர்டு சூடாகும்போது எங்கோ ஒரு சால்டர் இணைப்பு விரிந்து விலகுகிறது என்று நினைத்தேன். மேல் மூடியைக் கழற்றி, போர்டுக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனை வைத்து ஓடவிட்டேன். ரிமோட்டில் 16, அறைக் கதவு திறந்தபடி. பெரியவரை அதற்குள் ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். போர்டு நன்றாகவே குளிர்ந்துதான் இருந்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் ஈ6. சூடு காரணம் இல்லை.

அப்போதுதான் அம்மா சொன்னது வேறு மாதிரி கேட்டது. மதியத்துக்கும் ராத்திரிக்கும் வெயில் மட்டும்தான் வித்தியாசமா? இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் ராத்திரியில், அறை குளிர்ந்த பிறகு, மெதுவாகச் சுற்றும். இரண்டு ஆம்பியர் இழுக்கும். மதியத்தில் முழு வேகம். மாறுவது சூடு மட்டும் இல்லை, கரண்டும்தான். புது போர்டு போட்ட அந்த இரண்டு நாளைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “அந்த ரெண்டு நாளும் மழை தம்பி, கோடை மழை. ஏசியை 27-லதான் வெச்சிருந்தோம்” என்றார். புது போர்டு எதையும் சரிசெய்யவில்லை, மழைதான் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்திருக்கிறது.

ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேஸில் மாட்டினேன். மெஷினை மறுபடி ஓடவிட்டு, கம்ப்ரஸர் வேகம் ஏற ஏற இரண்டு பக்கமும் அளந்தேன். 6.4 ஆம்பியரில் இன்டோர் டெர்மினலில் 226 வோல்ட். அவுட்டோர் டெர்மினலில் 217.

பத்து மீட்டர் கேபிளில் 9 வோல்ட் எங்கே போகும்? அது 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 13 ஓம் தடை, பத்து மீட்டருக்கு 0.13. ஆறரை ஆம்பியர் ஓடினால் ஒரு கோரில் ஒரு வோல்ட்கூட விழக்கூடாது. போக ஒன்று, வர ஒன்று, மொத்தம் இரண்டுக்குள் அடங்க வேண்டும்.

வண்டியிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை எடுத்துவந்து இன்டோர் நியூட்ரலில் கட்டி, மறு முனையைப் பால்கனிக்குக் கொண்டுபோனேன். அந்த முனைக்கும் அவுட்டோர் நியூட்ரலுக்கும் நடுவில் மீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுதிசை கரண்டை அளக்கும் நிலை) வைத்தேன். இரண்டுமே நியூட்ரல், ஒரே கம்பியின் இரண்டு முனை. மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். கம்ப்ரஸர் 2 ஆம்பியரில் இருந்தபோது 2.4 காட்டியது. 4-இல் 4.8. 6.4-ஐத் தொட்டபோது 7.6. கரண்டோடு சேர்ந்து படி ஏறுவது மாதிரி ஏறியது. இரண்டு மூன்று நிமிஷத்தில் அவுட்டோர் சத்தம் அடங்கியது, உள்ளே ஈ6. கரண்ட் நின்றதும் 7.6 பூஜ்யமானது.

அந்த நிமிஷம் எல்லாம் பொருந்திவிட்டது. நியூட்ரலில் எங்கோ ஓர் இடத்தில் ஒரு ஓமுக்கு மேல் தடை உட்கார்ந்திருக்கிறது. கம்ப்ரஸர் வேகம் எடுக்கும்போது இன்டோரின் நியூட்ரலும் அவுட்டோரின் நியூட்ரலும் வேறு வேறு மட்டத்துக்குப் போய்விடுகின்றன. மாறுதிசை கரண்டில் 7.6 வோல்ட் என்றால் உச்சத்தில் 10 வோல்ட்டைத் தாண்டும். நொடிக்கு ஐம்பது முறை அது சிக்னலின் டிசியோடு ஒரு பக்கம் கூடும், மறு பக்கம் கழியும். ஆப்டோகப்ளர் எரிய வேண்டிய நேரத்தில் அணையும், அணைய வேண்டிய நேரத்தில் எரியும். வந்த செய்தி சிதைந்திருப்பதைப் போர்டு கண்டுபிடித்துத் தள்ளிவிடும். சில நிமிஷம் ஒரு செய்தியும் உருப்படியாக வராவிட்டால் ஈ6 கோடு. கம்ப்ரஸர் நின்றதும் நியூட்ரல் சரியாகிவிடுவதால், ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி பேச்சு. சிக்னல் ஒயரை மட்டும் மாற்றியவருக்கு ஏன் பலன் கிடைக்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அவர் ஒரு காலை மாற்றினார், ஊனம் மற்ற காலில்.

அப்படியானால் பீப்? மல்டிமீட்டர் கன்டின்யூட்டி பார்க்கும்போது விடும் கரண்ட் மில்லிஆம்பியரில்தான் இருக்கும். ஒரு ஓம் என்ன, இருபது ஓம் இருந்தாலும் பெரும்பாலான மீட்டர் பீப் அடிக்கும். பீப் வந்தால் கம்பி அறுந்துபோகவில்லை என்று தெரியும், அவ்வளவுதான். ஆறு ஆம்பியரைத் தாங்குமா என்பதை அந்த ஆறு ஆம்பியரை ஓடவிட்டுத்தான் பார்க்க முடியும். இதை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

நினைப்பது சரிதான் என்று உறுதி செய்யாமல் சுவரைத் தோண்ட மனமில்லை. எம்சிபியை இறக்கினேன். அளக்கப் பயன்படுத்திய அதே நீள ஒயரை, அது 2.5 ஸ்கொயர் எம்எம், இரண்டு நியூட்ரல் டெர்மினலுக்கும் நடுவில் கட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. இரண்டு மணி பத்துக்குப் போட்டேன். நாலரை வரை கம்ப்ரஸர் முழு வேகத்திலேயே ஓடியது. ஈ6 வரவில்லை. ஜன்னலில் தொங்கிய அந்தப் பழைய ஒற்றை ஒயரைக் கழற்றிச் சிக்னலைப் பழைய கேபிளுக்கே திருப்பினேன். அப்போதும் வரவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் ஐயா படுக்கையில் விழுந்தபோது ஹாலில் இருந்த ஏசியை அந்த அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவசரமாக நடந்த வேலை. மெஷினோடு இருந்த கேபிள் நீளம் போதவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்திருக்கிறார்கள். சேர்த்த இடம் எங்கே என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை.

பைப் சுவருக்குள் நுழையும் துளையில் பூசியிருந்த ஒயிட் சிமென்ட்டைத் தட்டி எடுத்தேன். பைப்போடு சேர்த்துச் சுற்றியிருந்த வெள்ளை டேப்பை அவிழ்த்ததுமே கருகிய பிளாஸ்டிக் வாடை அடித்தது. நான்கு கோரும் கையால் முறுக்கி, மேலே சாதா இன்சுலேஷன் டேப் சுற்றியது. ஒன்றுக்கு ஒன்று தள்ளி வைக்காமல் நான்கும் ஒரே இடத்தில். கறுப்பு நியூட்ரலின் டேப் உருகிப் பக்கத்தில் இருந்த சிவப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது உள்ளே பாதிக் கம்பிகள் பச்சைக் களிம்பு பிடித்துப் பொடியாக உதிர்ந்தன. மிச்சம் இருந்தவை ஊதா கலந்த கறுப்பு. அந்த ஜாயின்ட்டுக்கு நேர் கீழே குளிர்ந்த பைப்பின் ரப்பர் இன்சுலேஷனில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். அங்கே பைப் வியர்த்து, அந்த நீர் இரண்டு வருஷமாக ஜாயின்ட்டை நனைத்திருக்கிறது. களிம்பு பிடிக்கத் தடை கூடியது, தடை கூடச் சூடு ஏறியது, சூடு ஏற டேப் இளகியது, இளகிய டேப்புக்குள் இன்னும் நீர் போனது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு ஜாயின்ட்டில் மதிய நேரம் நாற்பது வாட்டுக்கு மேல் வெப்பமாகப் போயிருக்கிறது. நாம் வைத்திருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஏறக்குறைய இரண்டு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் ரப்பருக்கும் டேப்புக்கும் நடுவில் சொருகிவிட்டு மதியம் முழுக்க ஆன் செய்து வைத்த மாதிரி. அந்தச் சுவரிலிருந்து ஐயாவின் தலையணை நாலடி தூரம். எழுந்து ஓட முடியாத மனிதர். அவுட்டோர் போர்டையும் மாற்றியிருந்தால் பணம் மட்டும்தான் நஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈ6 வந்து வந்து கம்ப்ரஸரை நிறுத்தியதால்தான் அந்த ஜாயின்ட் அதற்கு மேல் சூடாகாமல் இருந்தது.

வேலை சுருக்கமானது. ஒன்பது மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம், நான்கு கோர் செம்புக் கேபிள், நடுவில் ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே துண்டு. முனைகளில் லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்தி கிரிம்ப் செய்தேன். கேபிளைப் பைப் கட்டோடு சேர்க்காமல் தனிக் குழாயில் விட்டேன். பைப்பின் இடைவெளியை மூடினேன். எங்காவது ஜாயின்ட் போட்டே ஆக வேண்டும் என்றால், கிரிம்ப் செய்து ஸ்லீவ் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பெட்டிக்குள் வைக்கலாம். சுவருக்குள் ஒருபோதும் வேண்டாம்.

கழற்றிய பழைய இன்டோர் போர்டை அம்மா அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். ஆசிரியை அல்லவா, எதையும் எறிவதில்லை. அதை மாட்டி ஓட்டினேன். ஓடியது. அதையே விட்டுவிட்டுப் புது போர்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். போர்டு மாற்றிய தம்பியை அம்மா முன்னாலேயே போனில் அழைத்து அளவுகளைச் சொன்னேன். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. பீப் வந்ததை நம்பியவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அண்ணா, லோடுல அளந்து பார்க்கத் தோணலண்ணா” என்றார். மறுநாள் வந்து புது போர்டை எடுத்துக்கொண்டு ஐயாயிரம் ரூபாயைத் திருப்பித் தந்தார் என்று அம்மா பிறகு சொன்னார்.

கிளம்பும் முன் அவுட்டோர் மூடியின் உள்பக்கத்தில் மார்க்கரால் தேதி போட்டு எழுதினேன்: ‘6.4 ஆம்பியரில் நியூட்ரலுக்கு நியூட்ரல் 0.5 வோல்ட். கேபிள் ஒரே துண்டு.’ இந்த வருஷக் கோடைக்கு முன் சர்வீசுக்குப் போனபோது அதே ஒயரை அதே இரண்டு இடத்தில் கட்டி மறுபடி அளந்தேன். 0.5. பழைய வரிக்குக் கீழே புதுத் தேதியை எழுதி மூடியைப் பூட்டினேன்.